நாய்க்காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது

பிப்ரவரி 24
"மலை வளருமா டீச்சர்?" பல வருடங்களுக்கு முன் வகுப்பில் என் மாணவி பிப்பாலுக் கேட்டாள். வளராது, சுற்றியுள்ள பனி உருகி இறங்கினால் வளர்ந்த மாதிரித் தெரியும் என்றேன். இன்று சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மேட்டில் அந்தக் கேள்வி எதிரே வந்து நின்றது. பெரும்பனிப் பரப்பைத் துளைத்து நிற்கும் பாறைமுகடுகளில், நாயின் காதுபோல் சாய்ந்த நாய்க்காதுதான் எங்களுக்கு வழிகாட்டி. திரும்பும்போது நாய்வண்டியை அதைக் குறிவைத்து ஓட்டினால் பனிவெடிப்புகளில் விழாமல் ஊர் சேரலாம். இன்று அதற்குச் சற்றுத் தள்ளி, தாழ்வாக, அதே சாய்வில் இன்னொரு காது. மேகம் பெரியதை மட்டும் மூடினால்?

பிப்ரவரி 26
தம்பி கெர்த்தின் பிறந்தநாள் காபி. வீடு நிறைய ஆள். சொன்னேன்.
"ரெண்டு காதா? அப்போ மலைக்கு இனிமே நல்லாக் கேக்கும்!" என்றான் கெர்த். ஒரே சிரிப்பு.
"விளையாடாதடா. மேகம் வந்தா எதைப் பாத்து வருவ?"
"சின்ன வயசுலேருந்து ஓட்றேன், காதைத் தெரியாதா எனக்கு? பென்ஷன் வாங்கியும் பாடத்தை விடலியே அக்கா நீ!"
எங்கள் ஆட்கள் மலையை உருவத்தால்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த உருவம் இப்போது இரண்டு இடத்தில். விடமாட்டேன்.

பிப்ரவரி 27
மறுபடி ஏறினேன். முழங்கால் திட்டுகிறது. இரண்டுதான். சந்தேகமில்லை.

பிப்ரவரி 28
கெர்த்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சீல் கறி சூப். கிண்ணத்தில் சூப் குறையக் குறைய எலும்புகள் தலைகாட்டின.
"பாரு, இதெல்லாம் புதுசா முளைச்சுதா?"
"பசிக்குதுக்கா, விடேன்."
நாளை நாய்வண்டியில் வடக்கு விரிகுடாவுக்குப் போகிறான்.

மார்ச் 4
கெர்த் திரும்ப வேண்டிய நாள். தாழ்ந்த மேகம். பெரிய காது இல்லை. சின்னது மட்டும் பளிச்சென்று — ஐயோ, அது மட்டும் ஏன் தெரியுது?

மார்ச் 5
வரவில்லை.

மார்ச் 6
நடந்து வந்தான். வண்டி வெடிப்புக்குள். முன்னால் ஓடிய இரண்டு நாய்களும் அதோடு. மற்றவற்றின் வாரை அறுத்துக் காப்பாற்றியிருக்கிறான்.
"சின்னக் காதுக்கா. நேரா அதுக்கே விட்டேன்."
சூப்பைச் சுடவைத்தேன். பாதி குடித்ததும் கரண்டியை நிறுத்தி எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10
சமையலறை முழுக்க வண்டியோட்டிகள். கூட்டிவந்தவன் கெர்த். பாடம் நடத்தியதும் அவனே.
"சிரிக்காதீங்கடா. நானும் சிரிச்சவன்தான்."
நான் பாத்திரம் மட்டும் கொடுத்தேன். அவன் செய்ததை இங்கே எழுதிவைக்கிறேன்: உயரம் வேறான மூன்று கற்களை ஒரு பாத்திரத்தில் நிறுத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்று, பிறகு குவளை குவளையாக எடுத்து, ஒவ்வொரு முறையும் தெரிவதை வரைந்து பார்.