அளவெடுக்காமல் வெட்டிய கபன்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சொல்ல நினைத்தேன், குரல் சரியில்லை. இன்றிரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், விடிய உன் கைக்கு வரும்.

சாரன் தைத்து விற்கும் லாபத்தில் ஏழைகளின் ஜனாஸாவுக்கு, மௌத்தானவரைச் சுற்றி அடக்கும் கபன் புடவை இனாமாகக் கொடுப்போம் என்று நீ சொன்னபோது, "கடைய மூட வழி பாக்கிறாய்" என்று சிரித்தவன் நான். இப்போது அதற்காகவே கல்முனைச் சனம் நம்மிடம் சாரன் வாங்குகிறது. நம் தையல் கடையால் எட்டு வீட்டில் அடுப்பு எரிகிறது. அன்று சிரித்தேனே, ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் புத்தி அவ்வளவுதான்.

ஆனால் துணி வெட்டும் இன்ஷிரா, யாரும் கேட்காமலே மூன்று தரம் கபன் வெட்டிவிட்டாள். மூன்று தரமும் மறுநாளே அதே அளவான ஒருவர் மௌத்து. "இன்னொண்டு நடந்தா நாங்க வரமாட்டம் காக்கா" என்று பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், அவள் மேசையில் நாலாவது கிடந்தது.

"ஆருக்கு புள்ள இது?"

"தெரியா காக்கா. கை தன்பாட்டுல வெட்டிட்டு."

விரித்துப் பார்த்தேன். ஆண் கபன். இந்த ஊரில் இவ்வளவு குள்ளமான ஆம்பிளை வேறு யார்? உன் உம்மா கலியாணத்தன்றே சிரித்த உயரம்.

"காலையில நாந்தானே வெட்டச் சொன்னன், மறந்துட்டியா?" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாளைக்கு எல்லோரும் வேலைக்கு வருவார்கள்.

அது நம் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வேறு கடையில் வாங்கிவிடாதே, நமக்குத்தான் வெட்கம். அன்றைக்கும் கடையைப் பூட்டாதே.

உன் குள்ள வாப்பா