பச்சைப் பட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா போய் மூன்று வாரமாகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவரை முதலில் பார்த்த நர்ஸை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிப் புகார் அனுப்பியிருக்கிறாயாமே. நேற்று விசாரணையில் படித்துக் காட்டினார்கள். 'மாரடைப்பின் அறிகுறிகூடத் தெரியாதவர்.' அடேயப்பா, டாக்டர் என்றால் டாக்டர்தான்! நடந்ததைக் கேள்.

முப்பது வருஷம் அதே வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் அப்பா. அன்று டாக்சியை விட்டு இறங்கியதும் பழைய கூட்டாளி ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். "நான் தள்ளின வண்டியில என்னையே படுக்க வைக்கிறியா, போடா" என்று விரட்டிவிட்டு விறுவிறுவென நடந்தார்.

நோயாளிகளைத் தரம் பிரிக்கும் மேஜையில் அந்த நர்ஸ். சிவப்புப் பட்டை என்றால் உடனே பார்ப்பார்கள், மஞ்சள் என்றால் கொஞ்ச நேரத்தில், பச்சை காத்திருக்கலாம். நாடி, ரத்த அழுத்தம் பார்த்தாள். நெஞ்சு வலியா, கை வலியா, வேர்த்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதைச் சொன்னால் படுக்க வைப்பார்கள் என்று அப்பாவுக்கு அத்துப்படி. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "வெறும் நெஞ்செரிச்சல்மா." ஈசிஜி எடுக்கலாம் என்றாள், டாக்டர் சொல்லட்டும் என்று எழுந்துவிட்டார். கையில் பச்சைப் பட்டையைக் கட்டி உட்காரச் சொன்னாள்.

காலையிலிருந்து வீட்டில் இடது கையைப் பிடித்துக்கொண்டு சட்டை நனைய உட்கார்ந்திருந்த மனுஷன்! நான் வாயைத் திறந்தேன். முறைத்தார். இந்த வயதிலும் அந்த முறைப்புக்கு அடங்கிப் போனேன், பாவி.

உடனே உனக்குப் போன் செய்தேன். கை வலியைச் சொன்னேன், வேர்த்ததையும் சொன்னேன். "என்ன கலர் கட்டியிருக்காங்க?" என்றாய். பச்சை என்றேன். "அப்ப ஒண்ணுமில்லக்கா, சும்மா பயப்படாதே, எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு" என்று வைத்துவிட்டாய். அரைமணியில் நாற்காலியிலிருந்து சரிந்தார். முதலில் ஓடிவந்து தரையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தியவள் அந்த நர்ஸ்தான். டியூட்டி டாக்டர் போதும் என்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

நேற்று அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "நான் இன்னும் கேட்டிருக்கணும்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதும் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், நீ போனில் சொன்னதையும் சேர்த்து. அதற்குள் புகாரைத் திரும்ப வாங்கிவிடு. மாட்டேன் என்றால், அவள் பெயருக்குக் கீழே நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிடு.

உன் மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா