அம்மா பிறந்த ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜோயல் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நான் நலம். வேலை கிடைக்கவில்லை, வேலி கிடைத்திருக்கிறது. திருடன் பயமே இல்லை.

இந்தத் தடுப்பு முகாம் டிவியில் தினமும் எங்களைப் பற்றித்தான் விவாதம். படகில் வந்தவர்களை அவரவர் நாட்டுக்கே அனுப்பச் சொல்லி ஒரு தலைவர் கத்துகிறார். நான் துண்டை டையாகக் கட்டிக்கொண்டு அவரைப்போலவே கத்திக் காட்டினேன். எல்லோரும் விழுந்து சிரித்தார்கள்.

நேற்று எனக்கு விசாரணை. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, இலங்கையில உமக்கு எந்த ஊர்?"

"இன்னா சார், நான் பொறந்ததே செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. வூடு சதுரங்கப்பட்டினம் பக்கம், அகதி முகாம்."

"அப்ப நீர் இந்தியனோ?"

"அத்த இந்தியா ஒத்துக்கலயே சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் நாடு எது என்று முடிவாகும்வரை, எத்தனை வருடமானாலும் வெளியே விடமாட்டார்களாம்.

அதனால் ஒரு சின்ன வேலை. இலங்கையில் நீ பிறந்த ஊரின் பெயர், தெரு, கடல் எந்தப் பக்கம், எல்லாம் எழுதி அனுப்பு. கூடவே ஊறுகாயும். நீ அந்தக் கதையை ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேனே, இந்த முறை மனப்பாடம் செய்கிறேன். தபால்காரர் கிளம்பப் போகிறார், இத்துடன் முடிக்கிறேன்.

உன் ஜோயல்