கதவுக்கு உள்ளே நின்றவள்

1974 ஜூன் 12, புதன். மெல்பேர்ண்
நாள் முழுக்க மழை. வார்டில் பகல் வேலை, பிறகு ஒத்திகை. சனிக்கிழமை ஆஸ்பத்திரி நடன விருந்தில் எங்கள் இசைக்குழுதான். அந்தப் பழைய ரிதம் அண்ட் புளூஸ் பாட்டை நான் பாடவா என்று கேட்டேன். ஒருவன் மழையில் நின்று, கதவைத் திற என்று காதலியிடம் கெஞ்சுகிற பாட்டு. கிட்டார் வாசிக்கும் டெஸ் சிரித்தான். "அது ஆம்பிளையள் பாடுற பாட்டு." வீடு வரும்வரை கோபம்.

13, வியாழன்
சப்பாத்து இன்னும் காயவில்லை. அந்தப் பாட்டுக்கு டெஸ்ஸிடம் கேட்டு வாங்கியது உள்ளூர்க் குழுவின் இசைத்தட்டு. அறைத்தோழி பத்மாவிடம் அதைவிடப் பழசு, இங்கிலாந்துக் குழு ஒன்று பாடியது. மாறி மாறிப் போட்டோம். உள்ளூர்: "குளிருது, திற." இங்கிலாந்து: "பிழைதான், மன்னி, திற." நடுவில் ஒட்டாத ஒரு வரியும்: "உன் பெட்டி வாசலில்."
பத்மா துள்ளி எழுந்தாள். "வெளியில நிக்கிறவன் ஏனடி இதைச் சொல்லுறான்? அவனைத் துரத்திப்போட்டு உள்ளுக்கு நிக்கிறவள் சொல்லுற கதையெல்லோ!"
எழுதியவர் பெயரைத் தட்டில் பார்த்தோம். ஒரு பெண்!
உடனே சிட்னிக்குப் போன்: இதை முதன்முதல் பாடிய தட்டைத் தேடு. மச்சான் சிவாவுக்குப் பழைய இசைத்தட்டுக் கடைகள்தான் கோயில். வியட்நாம் போரிலிருந்து லீவில் வந்த அமெரிக்கப் பட்டாளத்தார் விட்டுப்போனவை அங்கே குவியலாம்.

14, வெள்ளி
தலையிடி. சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும். பிறகு சிவாவின் போன்.
"கிடைச்சிட்டுது! கதையாதை, கேள்."
ரிசீவரைப் பாட்டுப்பெட்டியோடு பிடித்தான். கீறல் சத்தம். அதே மெட்டு, ஆனால் ஆறுதலாக, மெதுவாக. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தியின் குரல்: திறக்கமாட்டேன். உன் பெட்டி வாசலில். நனைந்துகொண்டே போ.
 ஆண்கள் பாடத் தொடங்கியதும் அவளை வீட்டுக்குள் வைத்து வாயை மூடிவிட்டார்கள்! திரும்பத் திரும்பப் போடச் சொல்லி எழுதிக்கொண்டேன். பத்மா குசினியில் அகப்பையோடு ஆடினாள்.

15, சனி
சேலை: மயில் நீலம். டெஸ்ஸிடம் வரிகளைக் கொடுத்தேன். வாசித்தான், திரும்ப வாசித்தான். "சரி, நீயே பாடு."
மேடை ஏறினேன். முதல் "திறக்கமாட்டேன்" என் குரல் மட்டும். அடுத்ததில் முன்மேசைத் தாதிகள் சேர்ந்தார்கள். பிறகு மண்டபம் முழுவதும். ஒருநாளும் சிரித்தறியாத தலைமைத் தாதி மேட்ரன் கதிரையில் ஏறி நின்று பாடினா! இன்னொருதரம் பாடு என்று விடவேயில்லை.
முடிந்ததும் மேட்ரன் வியர்க்க வியர்க்க வந்து கையைப் பிடித்தா. "அந்தச் சொல்லுகளை எழுதித் தா. என்ரை பழைய புருசனுக்குத் தபாலில போடவேணும்."
எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்தில்.