செல்லாமல் போன வீட்டுப் பத்திரம்

அனுப்புநர்:
ஆம்ப்ரோஸ் டெட்ரிக்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஆல்டர் கிரீக், இந்தியானா மாநிலம்.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்ட நீதிபதி அவர்கள்.

பொருள்: செல்வி கோரா வைலண்டை வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்கு – தீர்ப்புக்கு முன் விசாரிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் கோரா என்னிடம், "உள்ளதத்தானே சார் எழுதுனீங்க, அப்புறம் எப்படிச் செல்லாமப் போச்சு?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் வகுப்பில் நின்றவன் நான், அவளுடைய வீட்டுப் பத்திரத்தை எழுதியவனும் நானே. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

1. லெஸ்டர் குரோனுக்கும் கோராவுக்கும் ஏழு ஆண்டுகளுக்கு முன் நிச்சயமானது. லெஸ்டரின் தாயார் பக்கவாதத்தில் விழுந்ததால் கல்யாணம் தள்ளிப்போயிற்று. கோரா தையற்கடை வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டுகள் அந்த அம்மாளைக் கவனித்துக்கொண்டாள். அம்மாள் இறந்த ஐந்தாம் மாதம் லெஸ்டர் வேறொரு பெண்ணை மணந்தார்.

2. வாக்கு மீறியதற்காக லெஸ்டர்மேல் வழக்குப் போட வேண்டாம் என்று சென்ற அக்டோபரில் அவரும் கோராவும் அவள் தந்தையும் நானும் தேவாலயத்தின் பின்னறையில் கூடிப் பேசினோம். தாயார் இருந்த சிறு வீட்டைக் கோராவுக்குத் தர லெஸ்டர் தாமாகவே ஒப்பினார். பத்திரத்தை நான்தான் எழுதினேன். பணிவிடையைக் குறிப்பிட்டால் மகள் வேலைக்காரி ஆகிவிடுவாள் என்று கோராவின் தந்தை தடுத்தார். எனவே, "மணப்பதாகச் சொன்ன வாக்கை மீறியதற்கு ஈடாக" என்று மட்டும் எழுதினேன்.

3. வாக்கு மீறலுக்கு இனி வழக்கில்லை, அதற்கு ஈடாக எழுதும் ஒப்பந்தமும் செல்லாது என்ற சட்டம் அதற்கு ஏழு மாதம் முன்பே வந்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பொய்க் காதல் பேசி மிரட்டிப் பணம் பறித்தவர்களைத் தடுக்கவே அது வந்ததாம், குறை சொல்லமாட்டேன். ஒருவன் கல்லெறிந்ததற்கு வகுப்பு முழுவதையும் நானும் நிற்கவைத்திருக்கிறேன். எறியாதவர்களுக்கும் கால் வலித்தது.

4. இப்போது லெஸ்டர் வீட்டைத் திருப்பிக் கேட்கிறார். "கோவிச்சுக்காதீங்க சார், சட்டம் சொல்லுது. அந்தத் தாளு அடுப்புப் பத்தவைக்க ஆகும்" என்று தபால் நிலையத்தில் என்னிடம் சிரித்தார். அவரும் என் மாணவர்தான். புதுச் சட்டப்படி அந்தத் தாளைக் காட்டி உரிமை கேட்டாலே குற்றமாகலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால் கோரா வாய்திறக்க அஞ்சுகிறாள். அவள் தந்தை ஜனவரியில் காலமானார். வேறு போக்கிடம் இல்லை.

5. பிழை என்னுடையது. வாக்கை எழுதி, உழைப்பை விட்டுவிட்டேன். உழைப்புக்கு ஈடு கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. என் தாளை ஒதுக்கிவைத்து, அந்த நான்கு ஆண்டுகளுக்காக வீடு அவளிடமே இருக்கலாமா என்று விசாரிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

லெஸ்டரைக் கூண்டில் நிறுத்தி, அவர் தாயாரைத் தினமும் புரட்டிப் படுக்கவைத்தது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இடம்: ஆல்டர் கிரீக்
நாள்: 9 மார்ச் 1936

தங்கள் உண்மையுள்ள,
ஆம்ப்ரோஸ் டெட்ரிக்