ஆணி இல்லாத பெட்டி

பிப்ரவரி 9

குளிரில் பால்கனிக் கதவு திறக்கவில்லை. சமையலறை மேசையிலேயே பலகையை வைத்து அறுத்தேன். ஓய்வு பெற்றதும் தச்சுவேலை பழகப்போவதாக என் கணவர் சாபின் வாங்கி வைத்திருந்த உளிகள். அதற்குள் போய்விட்டார்.

மே மாதம் வந்தால் ஒரு வருஷம். எங்கள் வழக்கப்படி அன்று ஒரு பெட்டியில் துணி, தட்டு, ரொட்டி எல்லாம் வைத்து, அவர் வயதுள்ள ஓர் ஆணுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே கொடுப்பது அங்கே அவருக்குப் போய்ச் சேரும். நாத்தனார் வெட்டூரியா போனில் சிரிக்கிறாள். "கிரயோவா சந்தையில பெட்டி குவிஞ்சு கெடக்கு ஒலிம்பியா. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

சந்தைப் பெட்டியெல்லாம் ஆணி அடித்தது. சவப்பெட்டி மூடியில் ஆணி இறங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அவருக்கு அனுப்புவதில் ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது. அதனால்தான் புறாவின் வால் வடிவ இணைப்பு: ஒரு பலகை முனையில் விரிந்த வால்கள், இன்னொன்றில் அவை உட்காரும் பள்ளங்கள். உட்கார்ந்துவிட்டால் இழுத்தாலும் வராதாம்.

பிப்ரவரி 11

இழுத்தேன். வந்துவிட்டது.

பிப்ரவரி 20

வெட்டி எறிய வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டிய வாலையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறேன். கோட்டுக்கு எந்தப் பக்கம்னு ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா? பாத்துச் சொல்லத்தான் வீட்டுல யாரு இருக்கா — உட்கார்ந்து அழுதேன். பலகைக்காக மட்டும் இல்லை.

இனி எடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும்.

மார்ச் 6

உளியைக் கொட்டாப்புளியால் தட்ட ஆரம்பித்ததும் ஹீட்டர் குழாயில் டங் டங் டங். எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய்; நிறுத்தச் சொல்லித் தட்டுகிறார் கீழ்வீட்டு இயோர்கு. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கட்டடத்தில் சத்தம் கூடாது, மறந்தே போனேன்.

சாயங்காலம் படியில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, மேல மரங்கொத்தி வளக்கிறீங்களா?"

விறுவிறுவென்று படியேறி வந்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, இந்த வாரம் என்னிடம் நேரில் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஏப்ரல் 2

ஒரு மூலை இறுகிவிட்டது! காகிதம்கூட நுழையவில்லை. காட்ட ஆள் இல்லாமல் சாபின் படத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். பைத்தியக்காரி.

ஏப்ரல் 28

பெட்டி முடிந்தது. கட்டிலில் அவர் படுத்த பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொடுக்க மனம் வரவில்லை. இது போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பேன்?

வெட்டூரியா கத்தினாள். "நீ குடுக்கலன்னா என் தம்பி அங்க வெறுங்கையோட நிப்பான்டி!"

சரிதான். ஆனால் யாருக்கு? அவர் வயதில் எனக்கு யாரைத் தெரியும்? யோசித்துப் பார்த்தால் — கீழே ஒருவர் இருக்கிறார்.

மே 17

தேவாலயத்திலிருந்து நேரே வந்து பெட்டியை நிரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, இயோர்கு கதவைத் தட்டினேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்குத்தானா அந்தக் கொத்து? சொல்லியிருந்தா நான் குழாயத் தொட்டே இருக்க மாட்டேனே."

பிறகு, "கடவுள் சாபினை மன்னிக்கட்டும்" என்று, வாங்கிக்கொள்பவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இனி அது அங்கே சாபினிடம் இருக்கும், ஆணி இல்லாமல்.

மேலே வந்தேன். மேசையில் ஒரு மரத்தூள்கூட இல்லை. காலையிலேயே துடைத்துவிட்டிருந்தேன்.

மே 19

ஒன்றுமில்லை.

மே 24

மதியம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குழாயில் டங் டங். நான் எதையும் தொடக்கூட இல்லையே! கோபத்தோடு கீழே இறங்கினேன்.

"நான் ஒரு சத்தமும் போடலையே?"

"அதனாலதாம்மா தட்டினேன். ஒரு வாரமா மேல காலடிச் சத்தம்கூடக் கேக்கல. என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பயந்துட்டேன்."

அவர் மேசையில் பெட்டி இருந்தது. அதில்தான் ரொட்டி வைத்துக்கொள்கிறாராம். ஒரு துண்டு வெட்டித் தந்தார். நின்றபடியே தின்றேன்.

மேலே வந்து, மிச்சமிருந்த பலகையில் கோடு கிழித்துப் பெருக்கல் குறி போட்டேன். மணி ஒன்றரை. இரண்டுக்குள் ஒரு வாலாவது வெட்டிவிடலாம்.