தென்னையில் கட்டிய டிஷ்

வியாழன், ஆடி 8

காற்றே இல்லை. ஆடியில் அதிசயம். இன்றைய வேலை: மெயின் ரோட்டு மளிகைக் கடை மாடியிலிருந்து தோப்பு வீட்டுக்கு நெட். இடையில் ஒரு கிலோமீட்டர். ஒயர் வர ஆறு மாதம் ஆகுமாம். ஆகவே ஒயர் இல்லாமல். அங்கே ஒரு டிஷ், இங்கே ஒரு டிஷ், இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் மட்டை மறைத்தாலும் போச்சு.

திங்கட்கிழமை முழுக்க அறுந்து போகாமல் நெட் வந்தால் மகள் ஜெனி இங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவள் ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அறுந்தால் சென்னை ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியதுதான். என் மனைவி ரோசை ஆஸ்பத்திரியில் "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்பது.

எங்கள் வீடு தாழ்வு. மரம் ஏறுபவரைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் தென்னை உச்சியில் கட்டியாயிற்று. நெட் பறந்தது. இருபது வருடக் கேபிள் டிவி மூளை! என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளி

காற்று வந்துவிட்டது. பத்து மணிக்கு ஜெனி: "அப்பா, வருது... போயிருச்சு... வருது..." மரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் நெட் இல்லை, நிமிர்ந்தால் உண்டு. பத்தாவதை இரண்டாம் தடவையில் பாஸ் செய்த நான் வேறு எங்கே கட்டுவேன்.

ரோஸ் கஞ்சி இரண்டு வாய். வலி மாத்திரை தீரப் போகிறது.

உயரமான இடம் இனி அடுத்த வீட்டில் இருக்கும் என் அண்ணன் மாடி ஒன்றுதான். போர்வெல் தண்ணீர்த் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ரோஸ்: "போயிக் கேளுங்க. வீம்பைச் செருப்போட வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுப் போங்க."

சனி

போனேன். அண்ணன் சேரில், முகம் சுவர்ப் பக்கம். நடுவில் அவர் மனைவி, என் மதினி, எங்கள் இருவருக்கும் தபால்காரர்.

"அவங்கிட்டச் சொல்லு, தென்னை ஆடும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"தம்பி, தென்னை ஆடுமாம்."

"தெரிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க மதினி."

"எதுக்காம் இம்புட்டு அவசரம்?" அண்ணன் சுவரைப் பார்த்தே கேட்டார்.

ரோஸ் விஷயத்தைச் சொன்னேன். முழுசாக. மதினி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் எழுந்து மாடிச் சாவியை எடுத்தார். தென்னையிலிருந்து இறக்கிய டிஷ்ஷை மாட்ட, இரும்புக் குழாயை அவரே பிடித்தார். நான் நட்டு முறுக்கினேன்.

"ஏலே, சாயுது பாரு."

"சரிண்ணே."

அம்புட்டுதான்.

அங்கிருந்து ஒயர் இழுத்து, வைஃபை பெட்டியை ரோஸ் அறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பச்சை விளக்கு.

"இதுக்கும் சேத்து ஜெபம் சொல்லணுமாக்கும்?" சிரித்தாள். பிறகு வெகுநேரம் இருமல்.

ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ரோஸ் பகலெல்லாம் தூக்கம். செத்த நேரத்துக்கு ஒருமுறை மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். நடுநடுவே பச்சை விளக்கையும்.

திங்கள்

பலத்த காற்று. தென்னை தலைவிரித்து ஆடுகிறது. அண்ணன் மாடிக் குழாய் அசையவில்லை. ஒன்பது மணிக்கு மீட்டிங். ஜெனி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள்.

"இங்கனயே பேசு தாயி" என்றாள் ரோஸ்.

ஜெனி கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒரே இங்கிலீஷ். ரோசுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.